வெள்ளைக் கோடு

"இந்த எஞ்சின் ரகசியம் நம்ம ரெண்டு பேரைத் தாண்டிப் போகக் கூடாது, மாப்ள."

"போகாது மாமா. அக்கா மேல சத்தியம்."

"உங்க அக்கா எனக்கு வேணும்டா. உன் மேலயே பண்ணு."

போன வருடம், எஞ்சினுக்குள் வேகத்தைக் கூட்டும் புது கேம்ஷாஃப்டை மாட்டி முடித்த அன்று, மைத்துனனும் மருந்துக்கடைக்காரரும் சிரித்துச் சிரித்துப் பேசியது. இன்று அதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார் ஷெட்டில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நாள் கடை, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பந்தயக் கார் என்பதுதான் அவருடைய வாழ்க்கை. மனைவி வழக்கம்போல் பக்கத்தில் நின்று, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்திருந்தாள். விளக்கு விட்டுவிட்டு மின்ன, எஞ்சின் முன்னால் சுழலும் புல்லிச் சக்கரத்தின் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்பதுபோல், குறிமுள்ளுக்கு நேராகத் தெரிந்தது.

"மறுபடியும் கம்பெனிக் கோட்டுக்கே வந்துடுச்சு!" என்று பல்லைக் கடித்தார். "உன் தம்பி கைவரிசை."

கம்பெனி போட்டுக் கொடுத்த அந்தக் கோடு கம்பெனி எஞ்சினுக்குத்தான் சரி. உள்ளே பாதியை மாற்றிய இந்த எஞ்சினுக்குத் தீப்பொறி இன்னும் கொஞ்சம் முன்னதாக விழ வேண்டும். அதற்குக் கோடெல்லாம் கிடையாது. தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வைப்பார். அடுத்த ஞாயிறுக்குள் யாரோ திருப்பிவிடுகிறார்கள்.

அது தெரியாமல், கடந்த பந்தயத்துக்குக் காரை அப்படியே எடுத்துப் போனதில், அது மாட்டு வண்டியாக நகர்ந்தது. ஜெயித்தவன் அவருடைய போட்டிக்காரன் நெட்டையன். அவனுடைய ஒர்க்‌ஷாப்பில்தான் மைத்துனன் இப்போது மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வரச் சொல்லியிருந்த மைத்துனன் ஷெட்டுக்குள் நுழைந்தான். "என்ன மாமா, மூஞ்சி கசாயம் குடிச்ச மாதிரி இருக்கு? உங்க கடை மருந்தை நீங்களே சாப்பிட்டீங்களா?"

அவர் எஞ்சினை நிறுத்தினார். "நெட்டையன் உனக்கு என்னடா தர்றான்?"

"புரியலை மாமா."

"ஷெட்டோட இன்னொரு சாவி உன்கிட்டதானே இருக்கு? கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா. உன்னை என் கூடப் பிறந்தவனாட்டம் நினைச்சேன்."

அவன் குனிந்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "மாமா, யாரோ இதைச் சரியா கம்பெனிக் கோட்டுல வச்சிருக்காங்க. கேம்ஷாஃப்டை மாத்தினதே நான். இந்த எஞ்சினுக்கு அந்தக் கோடு செல்லாதுன்னு எனக்குத் தெரியாதா? கெடுக்கணும்னா எங்கே வேணாலும் திருப்பியிருப்பேனே. தேடிப் பிடிச்சு கோட்டுலயா வைப்பேன்?"

"திருடன் புத்திசாலியா இருந்தா அப்படித்தான் வைப்பான். சாவியை வச்சிட்டுக் கிளம்பு. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

அவன் சாவியை பானட் ஓரத்தில் வைத்தான். கண் கலங்கியிருந்தது. "வரேன்க்கா" என்று திரும்பினான்.

"நில்லுடா" என்றாள் அவள். "திருப்பினது அவன் இல்லைங்க. நான்தான்."

தம்பியை விட அவர்தான் அடிபட்டவர்போல் பின்னால் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீயா? வாரா வாரம் என் பக்கத்துல நின்னு லைட்டைப் பிடிச்சிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும்..." அவர் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுட்டிக் காட்டினார். "ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. அப்பவும் வாயைத் திறக்கலையே நீ?"

"தோத்தது அதனாலதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க."

"பொய் சொல்லாதே. ரேஸ்ல எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயம், அதானே? போகாதீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே. முதுகுல குத்தணுமா?"

"போகாதீங்கன்னு கேக்கணும்னு எனக்குத் தோணினதே இல்லைங்க."

"அப்புறம் எதுக்குத் திருப்பினே?"

அவள் தலை குனிந்தாள். "நீங்க கடைக்குப் போனப்புறம் வீட்டுல இருக்கிற சாவியால கதவைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுவேன். நீங்க வைக்கிற இடத்துல எஞ்சின் உதைக்குது, எனக்குக் கிளம்ப மாட்டேங்குது. கோட்டுல வச்சா உடனே கிளம்பிடும். திருப்பி வைக்கலாம்னு பார்த்தா, நீங்க காதால வச்ச இடத்துக்கு ஏதுங்க கோடு? அதான் அப்படியே விட்டுடுவேன்."

தம்பி வாயைப் பிளந்தான். "அக்கா! ஸ்பேனரெல்லாம் பிடிக்கத் தெரியுமா உனக்கு?"

"இத்தனை வருஷம் லைட்டை மட்டுமாடா பார்த்துட்டு இருந்தேன்?"

அவர் இன்னும் நம்பாமல் அவளையே பார்த்தார். "ஸ்டார்ட் பண்ணிட்டு? எங்கே போவே?"

"எங்கேயும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பேன். உங்களைக் கேக்காம ஒரு அடி கூட நகர்த்தினதில்லைங்க."

"என்ன கேக்கணும் என்னை?"

அவள் லைட்டைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போன வார்த்தைகள் அன்று ஒரு வழியாக வெளியே வந்தன.

"ஒரே ஒரு ரேஸ், நான் ஓட்டட்டுமா?"