முயலக்காவின் இடது கால்

தையல்சிட்டு இலைகளைத் தைப்பது தன் கூட்டுக்காக என்று பலரும் நம்புகிறார்கள். இது பெரும்பிழை, உடனே திருத்திக்கொள்ள வேண்டும். அவள் தைப்பதில் முக்கால் பங்கு பிறருக்குத்தான். அதனால்தான் முட்டையிட மூன்றே நாள் இருக்கும்போதும் அவளுடைய கூடு பாதியில் தொங்கியது.

அன்று காலை ஒரு வெள்ளாடு வந்து இடது முன்னங்காலை நீட்டினாள்.

"அக்கா, பந்தயத்துல ஜெயிச்ச முயலக்கா இந்தக் கால்ல இலை சுத்தியிருந்தாங்களே, அதே மாதிரி எனக்கும் வேணும்."

"அடியே, அது அலங்காரமில்லடி! முள் கிழிச்ச காயத்துக்கு நான் போட்டுவிட்ட கட்டு!"

"இருக்கட்டுமே. நடுவுல செவப்பா ஒரு பொட்டு இருந்துச்சே?"

"அது ரத்தம்!"

"அதே கலர் கிடைக்குமா?"

சிட்டு தலையைக் கிளையில் முட்டிக்கொண்டாள். ஆட்டுக்குப் பின்னால் அணில், கீரி, இரண்டு ஆமைகள் என்று எல்லோரும் இடது காலை நீட்டியபடி நின்றார்கள். மாலைவரை தைத்துக் கொடுத்தாள். திரும்பிப் போகும்போது அத்தனை பேரும் முயலைப் போலவே நொண்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து நடந்த பந்தயத்தில், காயம் ஆறிய முயல் வெறுங்காலோடு ஓடி மறுபடியும் ஜெயித்தாள்.

மறுநாள் விடிந்ததும் மரத்தடியில் கட்டைப் பிரிக்க வரிசை நின்றது. பிரித்த இலைகளையெல்லாம் சிட்டு தன் கூட்டில் சேர்த்துத் தைத்து, மதியம் முதல் முட்டையை இட்டாள்.