தள்ளி நில்லு, வடிவு

“அன்னைக்கு உரிஞ்ச தோலு சார். ஒரு வாரம் சோத்தப் பெசஞ்சு திங்க முடியல. இவதான் ஊட்டிவிட்டா.” நடராஜ் தம் உள்ளங்கைகளை விரித்து மேசைக்கு நேராக நீட்டினார். பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கையெழுத்து வாங்க வரிசையில் நின்ற ரசிகர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பாத்துக்கிடுங்கலே. கைதட்டுனா இதுல்லா கைதட்டு” என்றார் ரசிகர் மன்றத் தலைவர் ஜெய்சன்.

மேசைக்குப் பின்னால் இருந்த ரிச்சர்ட் நிமிரவே இல்லை. நீட்டிய இசைத்தட்டை வாங்கினார். பல் டாக்டர் ஊசி போட்ட தாடையைப் போல முகம் காலையிலிருந்தே மரத்திருந்தது.

ரிச்சர்ட் ராக் பாடகர். வயது எழுபது. அப்பா பாளையங்கோட்டைக்காரர் என்றாலும் இவர் பிறந்து வளர்ந்தது பெங்களூரில். முப்பது வருஷத்துக்கு முன்பு அப்பாவின் ஊரில் ஒரே ஒரு கச்சேரி செய்தார். ‘பாளையங்கோட்டை லைவ்’ என்று அது கேசட்டாக வந்தது. இப்போது இசைத்தட்டாக மறுபடி வந்திருக்கிறது. சாயந்தரம் அதே மண்டபத்தில் அவர் பாட வேண்டும். அதுவரை ஒலிபெருக்கியில் அந்த ஆல்பமே ஓடிக்கொண்டிருந்தது.

அதில் பாட்டைவிடக் கூட்டத்துக்குத்தான் மவுசு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சில் எழுப்பும் இரைச்சல், அடங்கி அடங்கி எழும்பும். கிதார் அதற்குள் முங்கி முங்கி வரும். அதைக் கேட்டு நெஞ்சுவலி நின்றுபோன ஒருவர் முக்கூடலில் இருக்கிறார், டாக்டரே ஒத்துக்கொண்டுவிட்டார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஓர் ஆண்குரல் தொண்டை கிழியக் கத்தும். “வடிவு, தள்ளி நில்லுட்டி.” அந்த வடிவு யார் என்பதற்கு ரசிகர்களிடம் ஏகப்பட்ட கதைகள் உண்டு. பாதிக் கதைகளில் அவள் ரிச்சர்டின் காதலி. மணிமுத்தாறில் ஒரு குடும்பத்தில் அக்கா, தங்கை இருவருக்குமே வடிவு என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

காலையிலிருந்து வந்த எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். “அன்னைக்கு நானும் இங்கனதான் சார் இருந்தேன்.” ஜெய்சனும் சொன்னார். அப்போது அவர் கைப்பிள்ளை. அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டாராம்.

ரிச்சர்ட் யாரையும் மறுக்கவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் ஒருத்தர்கூட இல்லை.

உள்ளூர் விடுமுறை என்று கேள்விப்பட்டு, கூட்டம் அள்ளும் என்று அவரே வைத்த தேதி அது. காலி நாற்காலிகளுக்குப் பாடிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பெங்களூருக்கு வண்டி ஏறினார். அன்றைக்கு மைக்கையும் ரெக்கார்டரையும் ஓடவிட்டுக் கிளம்பிப்போன மைக்செட் இசக்கிமுருகன் அடுத்த வாரம் ஒரு டேப்பைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, “கூட்டத்துச் சத்தம்தானவே வேணும்? இதச் சேத்துக்கிடும்” என்றார். எங்கே பிடித்தது என்று இவர் கேட்கவில்லை. இனிமேல் கேட்க இசக்கிமுருகனும் உயிரோடு இல்லை.

அப்பா ஊருக்கு நாம் வேண்டாம். அந்த ஒன்று மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு எந்த மேடையிலும் அவருக்கு மனசு ஒட்டவில்லை. இன்றைக்கும் இசைத்தட்டுக் கம்பெனியின் கட்டாயத்துக்குத்தான் வந்திருந்தார். வாசலில் கார் தயாராக நின்றது. கையெழுத்து முடிந்ததும், தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவதாக இருந்தார்.

“பேரு?” என்றார், பேனாவை அட்டையில் வைத்து.

“நடராஜ். கூட இவ பேரையும் போட்டுருங்க சார். வடிவம்மாள்.”

பேனா நின்றது.

“அந்த வடிவா?” என்றார் ஜெய்சன்.

“வேற எந்த வடிவு? கத்துனது நாந்தான். மருமவ போன்ல பாட்டு கேட்டுட்டு இருக்கா, நடுவுல எஞ்சத்தம். பேதலிச்சுப் போயிட்டேன்.”

“எங்க, ஒருக்கா கத்தும் பாப்போம்.”

நடராஜ் கத்தினார். அதே குரல்; கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். வரிசையில் நின்ற இரண்டு வடிவுகளும் தள்ளி நின்றார்கள்.

ரிச்சர்ட் அப்போதுதான் நிமிர்ந்து அந்தக் கைகளைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காக, கயிறு போலத் தடித்த ஒரே தழும்பு.

“அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

நடராஜ் குனிந்து பதில் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கூட்டம் இரைந்தது. ஜெய்சனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ரிச்சர்ட் பேனாவை மூடினார். “வாசல்ல கார் நிக்குது. டிரைவர் போகட்டும். நான் பாடிட்டு வரேன்” என்றார். சாயந்தரத்துக்குக்கூடக் காத்திருக்காமல் மேடையேறிக் கிதாரை எடுத்துத் தோளில் மாட்டினார்.

ஜெய்சன் நடராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்படி என்ன அண்ணாச்சி சொன்னீய?”

“எங்க நின்னேன்னு கேட்டாரு. டவுன்ல வாகையடி முக்குல வடத்தப் புடிச்சுட்டு நின்னேன், இசக்கிமுருகன் மைக்க நீட்டிக்கிட்டு நின்னான்னு சொன்னேன்.”

வடிவம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“தேரோட்டத்தன்னைக்குக் கச்சேரி வச்சா எவன் தம்பி வருவான்?”