மிளகளவு கனல்

தேயிலைச் செடியில் ஒரு குழிவிரியன் சுருண்டிருந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள குழிகளால் அது உடம்புகளின் சூட்டைப் பார்க்கும். பார்த்துக் கொத்துவதைத் தவிர அந்தப் பார்வைக்கு வேறு வேலை இருந்ததில்லை.

பனி கொட்டிய ஒரு விடியலில் செம்பி என்ற பெண் நாய் அந்தப் பக்கம் வந்தது. அதன் கடைசி முலையில் எலுமிச்சையளவு கட்டி தொங்கியது.

"இதைக் காட்டத்தான் இன்னிக்கு மாட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க அண்ணே. பயமா இருக்கு" என்றது செம்பி.

விரியன் பார்த்தது. பெரிய கட்டி குளிர்ந்து கிடந்தது. இரண்டு காம்பு தள்ளி, மிளகளவில் ஒரு புள்ளி கனன்றது. சூடான ரத்தம் மெல்லிய வேர்களாக நாலாபுறமிருந்தும் அதைத் தேடி ஓடியது.

"தாயி, பெருசு தூங்குது. ரெண்டு காம்பு தள்ளி இருக்கிற சின்னதுதான் முழிச்சிருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. அங்கேயும் தொட்டுப் பார்க்க வை."

"அங்கே வலியே இல்லையே அண்ணே!"

"வலிக்கலைன்னாலும் காட்டு."

ஆஸ்பத்திரியில் செம்பி அந்த இடத்தையே விடாமல் நக்கியது. டாக்டரம்மாவின் விரல் அங்கே போய் நின்றது. இரண்டு கட்டிகளையும் அவர் அறுத்தெடுத்தார்.

பத்து நாள் கழித்து செம்பி வந்தது. "இப்ப என்ன தெரியுது அண்ணே?"

கனல் இல்லை. தையல் மட்டும் வெதுவெதுத்தது. நெஞ்சிலிருந்து சூடு நான்கு கால்களுக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சை இழுக்கையில் மூக்கு குளிர்ந்தது, விடுகையில் சூடேறியது.

"ஒவ்வொரு மூச்சுக்கும் உன் மூக்கு அணைஞ்சு அணைஞ்சு விடியுது, தாயி" என்றது விரியன். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."