நாலரை மணி வண்டி

கச்சிராயபாளையம் டீக்கடை வாசலில் ஆராய்ச்சி மாணவி சுபஸ்ரீ உட்காராமல் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, பெஞ்சுல முள்ளா?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த சின்னதுரை.

"அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பி எட்டு மாசம் ஆச்சுங்க. பதிலே இல்ல."

"நீங்கள்லாம் எழுதறத எவன் படிக்கிறான்? அப்டி இன்னாதான் எழுதன?"

"பள்ளிக்கூடம் நாலே காலுக்கு விடுது. மலை பஸ் நாலுக்கே போயிடுது. நடந்து போகப் பயந்து பொண்ணுங்க படிப்பையே நிறுத்துறாங்க. பஸ்ஸை நாலரைக்கு மாத்தச் சொல்லி இருநூறு பக்கம் எழுதினேன்."

"டிரைவர கேட்டியா?"

"இல்லீங்க."

"ஆர்டர்ல நாலரைதாம்மா போட்டிருக்குது. இருட்டறதுக்குள்ள வூடு போய்ச் சேரணும்னு நான்தான் வண்டிய முன்னாடியே எடுத்துக்கினு போறேன்."

மணி நாலு. எழுந்த சின்னதுரை மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னொரு டீ போடுப்பா. பொண்ணுங்க வரட்டும்."