இடது நாற்காலி

"பெரிய விமானம் ஓட்டற பயிற்சிக்கு முதல்ல நான் போறேன். அடுத்த தடவை நீ."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறினா என் காதைப் பிடிச்சுத் திருகு."

விமானிகளான இருவரும் கல்யாணமான புதிதில் பேசியது. அவன் போனான். அவள் குழந்தைக்காகச் சின்ன விமானத்திலேயே கேப்டனாக நின்றுவிட்டாள். இப்போது கம்பெனி சின்ன விமானங்களை எல்லாம் விற்கிறது. இன்னும் பெரிதாகச் சில வாங்குகிறது. அதற்கான பயிற்சிக்கும் அவனே கிளம்புகிறான்.

அந்தப் பெரிய விமானத்தின் விமானி அறை, காகிதப் படமாகப் படுக்கையறைச் சுவரில் விரிந்திருக்கிறது. டேப் போட்டு ஒட்டியதும் அவள்தான். மதிய வெயில் அச்சடித்த அளவுமானி முட்களின் மேல் விழுகிறது; மின்விசிறிக் காற்றில் ஒரு முனை படபடக்கிறது. பக்கத்து அறையில் துணி துவைக்கும் இயந்திரம் எஞ்சின் போல இரைகிறது. படத்தின் முன்னே இரண்டு சாப்பாட்டு நாற்காலிகள். கேப்டனுக்குரிய இடது நாற்காலியில் கணவன். வலதில் அவள், அவனுடைய பயிற்சிக்காகத் துணை விமானியாக நடிக்கிறாள்.

"சக்கரம்?" என்று காகித விசையைத் தொடுகிறான்.

"இறக்கியாச்சு."

"குரலே எழும்பலயே! உனக்கென்னம்மா, சின்ன விமானத்தை வித்ததும் வீட்ல ராணி மாதிரி இருக்கலாம். பாப்பாவுக்கும் துணையாச்சு."

அவள் முகம் சிவக்கிறது. இடது கை மெல்ல நீண்டு அவன் காதைப் பிடித்துத் திருகுகிறது.

"ஆ! விளையாடாத."

"விளையாடல. எழுந்திருங்க, அந்த நாற்காலி எனக்கு வேணும். இந்தப் பயிற்சிக்கு நான் போறேன். நீங்க லீவு போட்டுப் பாப்பாவைப் பாத்துக்கங்க."