நஸ்ரா தைத்த பை

ரய்யாவின் கணினி காலையிலிருந்து எழும்பவில்லை. கறுப்புத் திரை, நாலு வரி வெள்ளை எழுத்து, அதோடு சரி.

ஓமானின் நிஸ்வா ஊரில் பெண்கள் மண்டபத்துக்குள் கல்யாணப் படம் எடுப்பவள் அவள். சாயங்காலம் ஒரு வீட்டார் ஆல்பத்துக்கு வருகிறார்கள். படமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

வேறு வழியில்லாமல் கணினி பழுது பார்க்கும் ஹமூதைக் கூப்பிட்டாள். பெண்களின் படங்கள் இருக்கும் அந்த அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. எழுத்து மட்டும்தானே தெரிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆனாலும் உறுத்தியது. அவள் கடைசியாகப் படமெடுத்த மணப்பெண் ஹமூதின் தங்கை.

முந்தாநாள்தான் அவன் அம்மா நஸ்ரா வந்து, மகளின் முகம் இனி இங்கே இருக்கவே கூடாது என்றாள். புது டிஸ்க் மாட்டிய பிறகு எடுத்த முதல் கல்யாணம் அது. புதுப் படம் புது டிஸ்க்கில்தான் இருக்கும் என்று ரய்யா நினைத்தாள். கணினியை அணைத்து, அதைக் கழற்றி, இனி என்னிடம் எதுவும் இல்லை என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுக் கொடுத்தாள். நஸ்ரா அங்கேயே உட்கார்ந்து அதைத் துணிப்பைக்குள் வைத்துத் தைத்து எடுத்துப் போனாள்.

ஹமூத் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"மாமி, இது ரெண்டு டிஸ்க்கும் ஜோடி. ஒண்ணைக் காணோம்னுதான் கிளம்ப மாட்டேங்குது. இருக்கறதை வெச்சே கிளப்பிடலாம். ஒண்ணுல இருக்கற படமெல்லாம் அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும்."

ரய்யாவுக்குக் காது மடல் வரை சுட்டது. அப்படியானால் ஆணை பொய். நஸ்ராவின் மகள் இங்கேயேதான் இருக்கிறாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நஸ்ராவின் அலமாரியில் இருக்கிறார்கள்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

"உங்கம்மாகிட்ட பொய் சத்தியம் பண்ணிட்டேன்டா. சத்தியமா தெரியாது எனக்கு. இப்பவே போயி கால்ல விழுந்தாவது அதை வாங்கிட்டு வந்துடறேன். காறித் துப்பினாலும் துப்பட்டும்."

"அம்மாகிட்ட போவாதீங்க மாமி."

அவன் தலை நிமிரவில்லை. தன் பையைத் திறந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தான்.

நஸ்ராவின் துணிப்பை. ஒரு பக்கத் தையல் பிரிந்திருந்தது.

அந்த டிஸ்க்கைத் திறந்து பார்க்க அவனுக்குத் தெரியும்.

ரய்யா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுடைய கல்யாணப் படங்களும் அதில்தான் இருந்தன.