கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு

"யார் இதை ஆஃப் பண்ணது?"

கோமதி போட்ட சத்தத்தில், லேப்பைக் கூட்டிக்கொண்டிருந்த வீரம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

கம்ப்யூட்டர் திரை இருண்டு கிடந்தது. அதன் உச்சியில் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ வேறு!

செயற்கை இதய வால்வுக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது, எங்கே சுழன்று உறைகிறது என்று நவராத்திரி முதல் நாளிலிருந்து இரவு பகலாக ஓடிய கணக்கு. இன்னும் ஒரே நாள் பாக்கி. திங்கட்கிழமை அந்த முடிவோடுதான் புரொபசர் ஜப்பான் கருத்தரங்குக்குக் கிளம்ப வேண்டும். டிஸ்கில் இடமில்லை என்று கோமதி நடுவில் சேமித்தும் வைக்கவில்லை. எல்லாம் போச்சு.

"நான்தாம்மா. ஆயுத பூசையாச்சே, மிசினுக்கு ஓய்வு குடுக்கலாம்னு..."

"அறிவிருக்கா அக்கா? ஆஃப் பண்ணாதேன்னு மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இவ்வளவு பெருசா ஒட்டியிருக்கேனே!"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

அவ்வளவுதான். கோமதி விறுவிறுவென்று துப்புரவுக் கான்ட்ராக்டருக்கு ஃபோன் போட்டாள்.

"பாஸ், நாளையிலேர்ந்து இவங்க இங்க வரக்கூடாது. வேற ஆள் அனுப்புங்க லா."

வீரம்மா துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அம்மா நாகம்மை வாசலிலேயே காத்திருந்தாள். அவளுக்கு வால்வு வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. மனசு அதிரும்படி எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"பாத்தியாடி? கோயிலுக்குப் போற வழியில உன் லேப்புக்கு வந்தேன். நீ சாப்பிடப் போயிருந்த. உன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சு, நானே ஆஃப் பண்ணிட்டு வந்தேன்!"

கோமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆத்தா... அதுல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சே?"

"அதை ஆஃப் பண்ணப்புறந்தான் பாத்தேன். எனக்குத் தமிழை விட்டா வேற என்ன தெரியும்? அங்க கூட்டுற வீரம்மாகிட்ட கேட்டேன். மிசின் சத்தம் நின்னுபோயிருந்ததால என் நெஞ்சு டிக் டிக்னு அடிக்கிறது அவளுக்குக் கேட்டுப்போச்சு. என்னன்னு விசாரிச்சா, வால்வு வச்சதைச் சொன்னேன். அப்புறம் அந்தத் தாளை ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டு, 'ஒண்ணுமில்லம்மா, நல்ல காரியம்தான் செஞ்சிருக்கீங்க, பயப்படாம வீட்டுக்குப் போங்க'ன்னா."

நாகம்மை சிரித்தாள்.

"மலாய், இங்கிலீஷ் ரெண்டும் சரளமா படிக்கிறாடி. ரொம்பப் படிச்ச பொம்பளை!"